நகத்தை எண்ணி நாய் வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: நாய் வளர்ப்பு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கடிதங்கள் பலவற்றில் 'நாய்' என்ற சொல்லையே காணோம், எல்லாம் 'பட்டி'தான். சுற்றி வளைத்து எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: எந்தச் சாதி கடிக்கும், எது கடிக்காது? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

ராட்வைலர் குட்டி வாங்கலாம் என்றிருக்கிறேன். "அது வளர்த்தவனையே கடிக்கிற சாதி, வீட்டுக்குள்ள ஏற்றாதே" என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். வீட்டில் 4 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள் உண்டு. அம்மா சொல்வது சரியா?
– வாசகர், தக்கலை

அம்மா சொல்லும் காரணம் தவறு. முடிவு ஏறக்குறைய சரி.

ராட்வைலர், ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரின் இறைச்சிக்கடைக்காரர்கள் வைத்திருந்த நாய். மாடுகளை ஓட்டிப் போவதும், இறைச்சி வண்டி இழுப்பதும், கடையைக் காப்பதும் அதன் வேலை. அதற்குக் கனத்த உடம்பு வேண்டும், மாட்டுக்கு அஞ்சாத துணிச்சல் வேண்டும், புது ஆளைக் கண்டால் சந்தேகப்படவும் வேண்டும். வளர்த்தவனைக் கடிப்பது இதில் எந்த வேலைக்கும் உதவாது. அப்படிப்பட்ட நாயை எந்தக் கசாப்புக்காரரும் குட்டி எடுக்க வைத்திருக்க மாட்டார்.

பிறகு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? பெரிய இன நாய்கள் உடம்பால் ஒரு வயதில் வளர்ந்துவிட்டாலும் மனத்தால் முதிர ஒன்றரை, இரண்டு வயதாகும். அதுவரை வருகிற போகிற எல்லோரிடமும் வாலாட்டிய நாய், அந்த வயதில்தான் 'இது என் இடம்' என்று நிற்கத் தொடங்கும். ஆறு மாதத்தில் சோற்றுத் தட்டைத் தொட்டால் உறுமியதை விளையாட்டு என்று சிரித்து விட்டிருப்பார்கள். இரண்டு வயதில் அதே உறுமல் 50 கிலோ உடம்போடு வரும்போது 'திடீரென்று மாறிவிட்டது' என்பார்கள். ஒன்றும் திடீரென்று மாறவில்லை.

2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாயின் குணத்துக்கும் இன்னொன்றின் குணத்துக்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் தன்மை ஓரளவு இனத்தோடு ஒட்டிப் போனது. எவ்வளவு எளிதில் மிரண்டு பாயும் என்பதோ இனத்தோடு ஒட்டவே இல்லை என்னும் அளவுக்குத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு "எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது" என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் பாதி உண்மைதான். தாய் தந்தையின் சுபாவம் குட்டிக்கு வரும். உடல் எடையோ இனத்தோடே வரும். ஒரு பொமரேனியன் எரிச்சலில் கடித்தால் ஒரு கட்டோடு போகும். அதே எரிச்சலில் ஆண் ராட்வைலர் நான்கு வயதுப் பிள்ளையை ஒரு முறை பிடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். கடிக்காமல் வெறுமனே ஓடி வந்து மோதினாலே பிள்ளை விழும். எங்கள் கருத்து: சின்னவனுக்கு எட்டு வயதாகும்வரை பொறுங்கள். பெரிய நாய்தான் வேண்டும் என்றால், வேறு வீட்டில் பிள்ளைகளோடு வளர்ந்து குணம் தெரிந்துவிட்ட, மூன்று வயதுக்கு மேற்பட்ட நாயைத் தேடுங்கள்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் சிலவற்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குட்டியின் தாயை நேரில் பாருங்கள். நீங்கள் போகும்போது தாய் ஓடி ஒளிந்தாலோ, கூண்டுக் கம்பியில் வந்து மோதினாலோ அந்த ஈற்றில் குட்டி எடுக்காதீர்கள். "தாயைக் காட்ட முடியாது, போட்டோ இருக்கு" என்பவரிடம் பேச்சே வேண்டாம். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதி. 30 நாளில் கொடுக்கிறேன் என்றால், உடன்பிறப்புகளோடு கடித்து விளையாடி 'இந்த அளவுக்கு மேல் அழுத்தினால் வலிக்கும்' என்று கற்கும் பாடத்தைக் குட்டி இழந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான் குட்டியின் மனம் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் பார்க்காத எதுவும் பின்னால் பயமாகத் தெரியும். தடுப்பூசி முடியவில்லை என்று நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டிவைத்தால் அந்த வாசல் மூடிவிடும். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், மீன்காரர், கைத்தடி ஊன்றும் பெரியவர் என்று தினம் 10 நிமிடம் காட்டுங்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வாயில் ஒரு துண்டு தின்பண்டம். பார்வோ நோய் ராட்வைலர், டாபர்மேன் குட்டிகளை மற்றவற்றைவிட மோசமாகத் தாக்கும். அதனால் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை 3, 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை விடாமல் போடுங்கள். வெறிநோய் ஊசி 3 மாதத்தில்.

இன்னொன்று. 2024 மார்ச் 12-ல் ஒன்றிய கால்நடை பராமரிப்புத் துறை, ராட்வைலர், பிட்புல் உட்பட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை கேட்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்படி இழுபறியில் இருக்கும் விஷயம் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் நகராட்சி அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள்.

14 மாத ராஜபாளையம் நாய். வீட்டார் எல்லோரிடமும் தங்கம். ஆனால் விடியற்காலை எங்கள் ரப்பர் விளைக்குப் பால் வெட்ட வருகிறவரை மட்டும் விடுவதில்லை. போன வாரம் கால்சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டது. பகலில் அதே ஆள் வந்தால் குரைப்பதோடு சரி. ராஜபாளையம் என்றாலே இப்படித்தானா?
– வாசகி, குலசேகரம்

பால் வெட்டுகிறவரை நாயின் கண்ணால் ஒரு முறை பாருங்கள். நாலரை மணி இருட்டு. தலையில் கட்டிய லைட்டின் கூச்சத்தில் முகம் தெரியாது. கையில் கத்தி, வாளி. நேராக நடக்காமல் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து போகும் ஓர் உருவம். நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தால் அந்த உருவம் பின்வாங்குகிறது. தினமும் 'துரத்தினேன், போய்விட்டது' என்று நாய்க்கு ஒரு வெற்றி. இந்த வெற்றிதான் குரைப்பைக் கடியாக வளர்த்தது. ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், அந்நியரிடம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் பகலில் குரைப்போடு நிறுத்திக்கொள்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் மீது கோபம் இருந்தால் பகலிலும் பிடித்திருக்கும்.

முதல் வேலை, காது கேட்கிறதா என்று பார்ப்பது. வெள்ளை நிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. நாய் அயர்ந்து தூங்கும்போது பின்பக்கமாக, தரை அதிராமல் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல்கூட அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திருக்கும்போது கூப்பிட்டால் குரல் வந்த திசை தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம். காது கேட்காத நாய், ஆள் அருகில் வந்த பிறகுதான் திடுக்கிட்டுப் பாயும். அதைப் பழக்கும் முறை வேறு.

காது சரியாக இருந்தால் இனி சொல்வதைச் செய்யுங்கள். இன்றைக்கே அந்த வெற்றியை நிறுத்த வேண்டும். மூன்றரை மணிக்கு முன்பே நாயை விளையின் எதிர்ப்பக்க அறையில் விடுங்கள். சங்கிலியில் கட்டாதீர்கள், கட்டினால் கோபம் இரட்டிக்கும்.

பிறகு பழக்குவது. பகலில், வாளியும் கத்தியும் இல்லாமல், அந்தத் தொழிலாளியை 20 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கட்டும், நாயின் கண்ணைப் பார்க்க வேண்டாம், கையை நீட்டவும் வேண்டாம். நாய் அவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள், கவனிக்கவும், அவர் அல்ல, பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். பத்துத் துண்டு தீர்ந்ததும் அவர் போய்விடட்டும், கோழியும் நிற்கட்டும். நாய் தின்ன மறுத்தாலோ, உடம்பு கட்டைபோல் விறைத்தாலோ தூரம் போதவில்லை. ஐந்து மீட்டர் பின்னால் போங்கள். மூன்று நான்கு நாள் அமைதியாகப் போன பிறகு ஒரு படி ஏறுங்கள்: வாளியோடு, பிறகு கத்தியோடு, பிறகு அணைத்த லைட்டோடு, பகலில் எரியும் லைட்டோடு, அந்தி மயங்கும்போது, கடைசியில் விடியலில். மழையால் பால்வெட்டு இல்லாத நாட்களில் அவசரப்பட்டு இரண்டு படி தாவாதீர்கள். இரண்டு மாதம் பிடிக்கும். பெரும்பாலோர் நான்காம் நாள் "இப்ப பழகியாச்சு" என்று அவிழ்த்துவிட்டுக் கெடுக்கிறார்கள்.

இதற்கிடையில் கூடை வடிவ வாய்மூடியைப் பழக்குங்கள். துணியால் ஆனது வேண்டாம். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்க முடியாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாய்க்கு வெப்பத் தாக்கு வரும். உள்ளே தயிரைத் தடவி, தானாக மூக்கை நுழைக்க விட்டு, பத்து நாளில் வாரைக் கட்டுங்கள். ராஜபாளையத்துக்குத் தலை ஒடுக்கம் என்பதால் சாதாரண பெல்ட் பின்னுக்கு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவு இறுகி நிற்கும் மார்ட்டிங்கேல் வகை வாங்குங்கள். சுற்றுச்சுவர் ஐந்தடிதான் என்றால் இந்த நாய்க்கு அது சுவரே இல்லை.

தொழிலாளிக்குத் தோல் கீறியிருந்தால், இரத்தம் வராவிட்டாலும், ஊசி போட்டாரா என்று கேளுங்கள். விவரம் கீழே மார்த்தாண்டம் கேள்வியில்.

குட்டி வாங்கப் போன இடத்தில் 20 நகம் இருந்தால் வீரம், அண்ணாக்கு கருப்பாக இருந்தால் கடிக்கும், பச்சை இறைச்சியும் காந்தாரி மிளகும் (காரமான சின்ன மிளகாய்) கொடுத்தால் உக்கிரம் ஏறும் என்கிறார்கள். எதை நம்ப?
– வாசகர், ஆரல்வாய்மொழி

எதையும் வேண்டாம். நாய்க்கு முன்காலில் ஐந்தைந்தும் பின்காலில் நான்கு நான்குமாக 18 நகம். சிலவற்றுக்குப் பின்காலிலும் ஒட்டு நகம் இருக்கும், அப்போது 20. அதுவே இரட்டையாக இருந்தால் 22. குணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. தரையில் தேயாமல் வளைந்து சதைக்குள் இறங்கும் என்பதால் மாதம் ஒரு முறை வெட்ட வேண்டிய நகம், அவ்வளவுதான். விற்கிறவருக்கு மட்டும் அந்த இரண்டு நகத்தால் விலை கூடும்.

அண்ணாக்கின் கருப்பு வெறும் நிறமி. பச்சை இறைச்சி நாயைக் கோபக்காரனாக்காது, குடலில் கிருமியைத்தான் சேர்க்கும். மிளகு வயிற்றைப் புண்ணாக்கும். வயிறு எரிகிற நாய் எரிந்து விழுவதைப் பார்த்து 'மருந்து வேலை செய்கிறது' என்று நினைக்கிறார்கள் போலும். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் குழம்பும்தான் நம் பக்கத்து நாய்ச் சாப்பாடு. வெந்த கிழங்கு கெடுதல் இல்லை, ஆனால் அதில் மாவுச்சத்துதான் உண்டு. பச்சைக் கிழங்கு நஞ்சு. குழம்பில் உள்ள உள்ளி, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். மீனை உப்பும் மிளகும் இல்லாமல் தனியாக வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

டாபர்மேனுக்கு ஏழு வயதுக்கு மேல் மூளை வளர்ந்து மண்டையோடு இடம் கொடுக்காமல் பைத்தியம் பிடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், கன்னியாகுமரி

கட்டுக்கதை. நாயின் மூளை குட்டிப் பருவத்திலேயே வளர்ந்து முடிகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் அபோல்டா நகரில் வரி வசூலித்த டாபர்மேன் என்பவர் தன் பாதுகாப்புக்காக உருவாக்கிய இனம் இது. வரி வசூலிக்கப் போகிறவர் எப்படிப்பட்ட நாயைத் தேடுவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஏழு வயதில் சிடுசிடுப்பு வந்தால் மூட்டுவலி, பல்வலி, தைராய்டு குறைவு, பார்வை மங்கல் என்று தேட வேண்டும். டாபர்மேனுக்கு உண்மையில் பயப்பட வேண்டியது இதயத்தசை நோய்க்கு. மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை இதயத்தைப் பரிசோதியுங்கள்.

எங்கள் லேப்ரடார் என் ஆறு வயது மகனின் கையைக் கடித்துவிட்டது. லேப்ரடார் கடிக்கவே கடிக்காது என்றுதானே வாங்கினோம்? ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு போட்டபோது நடந்தது. வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தோம்.
– வாசகி, மார்த்தாண்டம்

நாயை விடுங்கள், முதலில் மகன். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய், மிளகுப்பொடி எதுவும் புண்ணில் வைக்கக் கூடாது. ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். பல் பதிந்து இரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம்: வெறிநோய்த் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் பொருள்) ஊசியும் வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என நான்கு தவணை. தையல் போடுவதை மருத்துவர்கள் தள்ளிவைப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்பதற்காக மகனுக்குப் போடாமல் இருக்காதீர்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும், ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியைத் தொடங்குங்கள். இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். கடிதம் எழுதிய நாளுக்குள் போடவில்லை என்றால் இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

இனி நாய். கடிக்காத இனம் என்று ஒன்று கிடையாது, கடிக்காத சூழ்நிலை உண்டு. லேப்ரடார் சுட்டு விழுந்த பறவையைச் சேதமில்லாமல் வாயில் கவ்விக்கொண்டு வர வளர்த்த இனம். மனிதரோடு ஒத்துப்போவதில் நல்ல பெயர் வாங்கியது, சந்தேகமில்லை. ஆனால் 2016-ல் வந்த ஒரு மரபணு ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்கு 'வயிறு நிறைந்தது' என்ற உணர்வைக் கொடுக்கும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று தெரிந்தது. தின்று முடித்தும் பசியாகவே இருக்கும் நாய். அதன் வாயிலிருந்து எலும்பைப் பிடுங்கினால்? (வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பது வேறு கதை. இனிப் போடாதீர்கள்.)

நாய் நேராகக் கடிக்கு வராது. முதலில் முகத்தைத் திருப்பும், நாக்கால் மூக்கை நக்கும், தேவையில்லாத நேரத்தில் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். பிறகு தின்பதை நிறுத்தி அப்படியே உறைந்து நிற்கும். இந்த உறைதல்தான் கடைசி மணி. பிறகு உறுமல், வெற்றுக்கடி, கடி. வால் ஆடியதே என்பார்கள்; விறைத்து உயர்ந்த வால் குறுகலாக ஆடினால் அது மகிழ்ச்சி இல்லை. முன்பு எப்போதாவது உறுமியதற்கு அடித்தீர்களா? அடித்தால் உறுமல் நிற்கும், உறுமலுக்குக் காரணமான பயம் நிற்காது. அடுத்த முறை மணியடிக்காமல் கடிக்கும்.

கடிப்பதற்கு முந்தைய வாரங்களில் தலையைக் குலுக்கியதா, காதைச் சொறிந்ததா என்றும் பாருங்கள். மடிந்த காது, இரண்டு பருவமழை, குளம் கண்டால் குதிக்கும் நாய்: நம் மாவட்டத்து லேப்ரடார்களில் காதுப் புண் சர்வசாதாரணம். காதைத் தூக்கி முகர்ந்தால் புளித்த வாடையும், உள்ளே காப்பித்தூள் போன்ற அழுக்கும் இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலியில் இருக்கும் நாய்க்கு பிள்ளையின் கை காதருகே வந்தாலே போதும்.

தட்டைக் காக்கும் பழக்கத்தை மாற்ற, தட்டிலிருந்து எடுக்கும் விளையாட்டைக் கைவிட்டு, தட்டில் போடும் பழக்கத்தைத் தொடங்குங்கள். நாய் வெறும் சோறு தின்னும்போது பெரியவர் ஒருவர் இரண்டு மீட்டர் தள்ளி நடந்து, போகிறபோக்கில் அதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டு நிற்காமல் போக வேண்டும். ஒரு வாரத்தில் ஆள் வருவதைப் பார்த்து நாய் தலையைத் தளர்வாக நிமிர்த்தும். அப்போது அரை மீட்டர் நெருங்கலாம். இதில் மகனுக்கு வேலையே கிடையாது. அவனுக்குத் தனியே நான்கு விதி: தின்னும் நாய், தூங்கும் நாய், கட்டிப்போட்ட நாய், குட்டியோடு இருக்கும் நாய், இந்த நான்கின் கிட்டே போகாதே. கட்டிப்பிடிக்கவும் வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம்.

பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும், 2,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? தெருவில் இரண்டு நாய் கவ்விக்கொண்டால் எப்படிப் பிரிப்பது?
– வாசகர், வடசேரி

பூட்டு எதுவும் அதன் தாடையில் கிடையாது. எலும்பும் மூட்டும் மற்ற நாய்க்கு எப்படியோ அப்படியேதான். அழுத்தத்தை அளந்து பார்த்த ஒரு சோதனையில் பிட்புல் 235, ஜெர்மன் ஷெப்பர்டு 238, ராட்வைலர் 328 பி.எஸ்.ஐ. என்று வந்தது. உண்மையான தொல்லை வேறு. 1835-ல் இங்கிலாந்தில் காளை மீது நாயை ஏவும் விளையாட்டு தடை செய்யப்பட்ட பிறகு, மறைவிடங்களில் நாய்ச்சண்டை பெருகியது. புல்டாக்கையும் டெரியரையும் கலந்து அதற்காக வளர்த்தது இந்த வகை. அதனால் கவ்வினால் விடாமல் பிடித்து உதறும், வலித்தாலும் விலகாது. மற்ற நாய்களோடு பகை இதற்கு எளிதில் வரும். மனிதர்மீது பகை என்பது தனிக் குணம். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே நேரம், நம் ஊரில் பிட்புல் என்று விற்கும் குட்டிகளின் தாய் தந்தை யாரென்று விற்பவருக்கே தெரியாத நிலையில், இனத்தின் நற்சான்றிதழை நம்பி வாங்குவதற்கு இல்லை.

பிரிப்பதற்கு: இழுக்காதீர்கள், சதை கிழியும். தலைப்பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீரை மூக்கில் அடியுங்கள். விடவில்லை என்றால் இரண்டு ஆள் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நாயின் பின்கால்களையும் தொடைக்கு மேல் பிடித்துத் தூக்கி, பிடி விட்டதும் பின்னோக்கி அரைவட்டமாக நடக்க வேண்டும். கவ்விக்கொண்டிருப்பது ஒரு நாய் மட்டும் என்றால், பின்னால் நின்று அதன் கழுத்து பெல்ட்டை மேலே தூக்கி இறுக்குங்கள். மூச்சுக்காக வாயைத் திறக்கும். தனி ஆளாக இருந்தால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கன்னி இன நாய் வளர்க்கிறேன். பக்கத்து வீட்டுக் கோழி நான்கைக் கொன்றுவிட்டது. நாளைக்குப் பிள்ளைகள்மீதும் பாயுமோ?
– வாசகர், பூதப்பாண்டி

கோழியைத் துரத்துவது வேட்டை. அதில் கோபம் கிடையாது, குரைப்புகூடக் கிடையாது. கன்னியும் சிப்பிப்பாறையும் ஓடுவதைக் கண்ணால் பிடித்துத் துரத்த வளர்த்தவை. கோழியைக் கொன்ற நாய் மனிதனைக் கொல்லும் என்ற கணக்கு இதில் பொருந்தாது. ஆனால் கத்திக்கொண்டு ஓடும் சின்னப் பிள்ளையையும் சைக்கிளையும் விரட்டிப் போகும், அது பழக்கத்தில் வரும். செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் வைத்தியம் பயனற்றது. வேலியைச் சரிசெய்யுங்கள், வெளியே கயிறில்லாமல் விடாதீர்கள், தினம் இரண்டு முறை நீளக் கயிற்றில் ஓடவிடுங்கள். கோழிக்காரருக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

பகல் முழுக்கக் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிட்டால்தான் காவலுக்கு ஆகும் என்கிறார் மாமனார்.
– வாசகர், கருங்கல்

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பயந்த நாய்க்கு முதலில் தோன்றுவது ஓடுவது. சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கடி. ஒரு வருடம் அப்படி இருந்த நாய்க்குத் திருடனும் தபால்காரரும் ஒன்றுதான். காவல் நாயின் வேலை குரைப்பது. கதவைத் திறந்து பார்ப்பது உங்கள் வேலை. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக்கூடக் கூட்டிப்போகாமல் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட.

கடற்கரையில் கிடைத்த நாட்டுக்குட்டியை எடுத்து வளர்க்கிறோம். இப்போது இரண்டு வயது. சாதுவானது. ஆனால் கோவில் திருவிழா வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது, கையை நீட்டினால் பல்லைக் காட்டுகிறது. தெருநாய் புத்தி போகாது என்கிறார்கள்.
– வாசகி, குளச்சல்

பல்லைக் காட்டுவது 'என்னை இப்போது விடு' என்பதன் நாய்மொழி. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய நாயும் வெடிக்கு இதையேதான் செய்யும். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். அதுவே தேடிக்கொண்ட இடம், அங்கேயே பழைய துணியும் தண்ணீரும் வையுங்கள். சன்னலை மூடி, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, டிவியைச் சத்தமாக வையுங்கள். அதுவாக உங்களிடம் வந்தால் தடவிக்கொடுக்கலாம். அதனால் பயம் வளராது. வெடி தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நடைக்குக் கூட்டிப்போய்விட்டு வாசல் கதவைப் பூட்டுங்கள், மிரண்டு ஓடித் தொலையும் நாய்களே அதிகம். திருவிழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே செல்போனில் வெடிச்சத்தத்தை உங்களுக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவில் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். வாரத்துக்கு ஒரு புள்ளி மட்டும் சத்தத்தைக் கூட்டுங்கள். அப்படியும் நடுங்கி எச்சில் வடித்தால், திருவிழா நாட்களுக்கு மட்டும் கொடுக்கும் மருந்து உண்டு. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத்தான் தர வேண்டும். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கருத்தடை செய்தால் நாய் சாந்தமாகுமா?
– வாசகர், அருமனை

ஊர் சுற்றுவது, ஆண் நாய்கள் ஒன்றோடொன்று மோதுவது, கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பது குறையும். பயத்தால் கடிக்கும் நாய்க்கு இது மருந்தாகாது. சிலவற்றுக்குப் பயம் கூடவும் செய்யும். பெரிய இனம் என்றால் எலும்பு முதிர ஒன்றரை வயது வரை பொறுப்பது நல்லது.

'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மாட்டியிருக்கிறேன். கேட் திறந்திருந்தபோது வெளியே போய் ஒருவரைக் கடித்துவிட்டது. பலகை இருந்ததால் பொறுப்பு இல்லைதானே?
– வாசகர், நாகர்கோவில்

பலகை உள்ளே வருகிறவருக்கு. கடி வாங்கியவர் ரோட்டில் நின்றவர். வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் வரும்: ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இழப்பீடு கேட்டு அவர் தனியாக வழக்கும் போடலாம். அவரைச் சமாதானப்படுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், நாயின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பத்து நாள் நாயை வீட்டிலேயே வைத்து, தினமும் தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று அவருக்கும் சொல்லுங்கள். கேட்டுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங் கீல் போடுங்கள். உள்ளே இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு சின்ன கேட் வைத்தால், ஒன்று திறந்திருந்தாலும் இன்னொன்று நிற்கும்.